டங்ஸ்டனுக்குப் பிளாட்டினம் என்று பெயர்: சிவாஜிநகர்ப் பட்டறைகளும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த வரலாறும்

பெங்களூர் சிவாஜிநகரின் குஜிரிக் கடைகளில் பழைய புல்லட்டுக்கோ யெஸ்டிக்கோ ‘பிளாட்டினம்’ வேண்டும் என்று கேட்பவரை எவரும் வியப்போடு நோக்குவதில்லை. உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு சிறு தொடுமுனைத் தொகுதியைக் கடைக்காரர் எடுத்துத் தருவார். இரண்டு முனைகள், ஒரு வளைந்த தகட்டு வில், நார்ப்பொருளால் ஆன ஒரு சிறு குதிகால். முனைகளில் பதிக்கப்பட்டிருப்பது டங்ஸ்டன். பிளாட்டினம் அதில் இல்லை. பல பத்தாண்டுகளாகவே இல்லை.

பெயர் பொய்யா எனில், அன்று. மோட்டார் ஊர்தியின் தொடக்கக் காலத்தில் மின்னோட்டத்தைத் துண்டிக்கும் முனைகளில் பிளாட்டினமே பதிக்கப்பட்டது. தீப்பொறியில் எளிதில் கருகாத உலோகம் அதுவே. முதல் உலகப் போரையொட்டிய ஆண்டுகளில் அதன் விலை எட்டாத உயரத்துக்குப் போனது. டங்ஸ்டன் அதன் இடத்தைப் பிடித்தது. ஆங்கிலம் பேசும் நாடுகளில் பழம்பெயரின் முற்பாதி உதிர்ந்து ‘பாயிண்ட்ஸ்’ மட்டும் எஞ்சியது. பிரெஞ்சிலோ ‘வீ பிளாட்டினே’ என்றும், ஸ்பானியத்தில் ‘பிளாத்தினோஸ்’ என்றும், துருக்கியத்தில் ‘பிளாத்தின்’ என்றும் முற்பாதியே நிலைத்தது. இந்தியப் பட்டறைகளில் இரண்டும் வழங்குகின்றன: ‘சி.பி. பாயிண்ட்’ என்பார் உண்டு. ‘பிளாட்டினம்’ என்பாரும் உண்டு. தொழிற்சொல் பொருளைவிட மெதுவாகத் தேய்கிறது. பட்டறைக்காரர்கள் நாட்குறிப்பு எழுதுவோர் அல்லர். அவர்களுடைய தொழிலின் வரலாற்றை எழுத முனைவோர்க்குச் சொற்களே முதன்மை ஆவணம்.

‘குஜிரி’ என்ற சொல்லும் அத்தகையதே. சென்னையில் மாலைக் கடைத்தெருவைக் குறித்த ‘குஜிலி’யும், பெங்களூரில் பழைய பொருள், கழிவிரும்பு ஆகியவற்றின் சந்தையைக் குறிக்கும் ‘குஜிரி’யும் ஓர் உருதுச் சொல்லின் இரு கிளைகள் எனக் கொள்ள இடமுண்டு. முன்னது மலிவுப் பதிப்புப் பாடல்களால் இலக்கிய வரலாற்றில் இடம்பெற்றுவிட்டது. பின்னதற்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. நகரத்தார் நடுவில் அதற்கு வாய்த்தது ஒரு வேடிக்கைப் பேச்சு மட்டுமே: காலையில் நிறுத்திய வண்டியை மாலையில் குஜிரியில் உறுப்பு உறுப்பாகத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்பது. சிரிக்கத்தக்கதுதான், ஆனால் ஒரு முழு உழைப்புப் பகுதியைத் திருட்டு என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடைத்துவிடுகிறது. வண்டியை உறுப்பு உறுப்பாகப் பிரிக்கத் தெரிந்த கைக்கு, அதைச் சேர்த்து ஓடவைக்கவும் தெரிந்திருந்தது என்பது அந்தப் பேச்சில் மறைந்துபோகிறது.

சேர்ப்பதில் மிக நுண்ணிய வேலை, ‘டைமிங் வைத்தல்’ எனப்படும் பற்றவைப்பு நேரச் சீரமைப்பு.

அதன் தேவை எளிதாக விளங்கும். சிலிண்டருக்குள் அழுத்தப்பட்ட பெட்ரோல்-காற்றுக் கலவை, தீப்பொறி விழுந்தவுடன் முழுதும் எரிந்துவிடுவதில்லை. சுடர் பரவச் சிறிது நேரம் வேண்டும். நிமிடத்துக்கு 600 சுற்று ஓடும் எஞ்சினுக்கு ஒரு சுற்று என்பது 100 மில்லிவினாடி. 3,000 சுற்று ஓடுகையில் 20 மில்லிவினாடி. சுடர் பரவும் நேரம் அதே விகிதத்தில் சுருங்காது. ஆகவே பிஸ்டன் மேல் எல்லையை எட்டுவதற்கு முன்னரே பொறியை விழச்செய்ய வேண்டும். வேகம் கூடக்கூட இன்னும் முன்னதாக. இந்த முந்துதலுக்கு ‘அட்வான்ஸ்’ என்று பெயர். வீட்டு வாடகைக்கு முன்பணம் கட்டிக் களைத்த பெங்களூர்வாசிக்கு அச்சொல்லின் வேறு பொருளே முதலில் நினைவுக்கு வரும்.

மோட்டார் சைக்கிளின் முதல் முன்னோடியாகக் கருதப்படும் 1885ஆம் ஆண்டு டைம்லர் வண்டியில் இந்தச் சிக்கல் எழவேயில்லை; ஏனெனில் அங்குப் பொறியே இல்லை. வெளியே சுடரால் பழுக்கக் காய்ச்சிய ஒரு குழாய், கலவையைத் தன் விருப்பப்படி பற்றவைத்தது. நேரத்தை ஆளும் வழி அதில் கிடையாது. நேரம் மனிதனின் ஆளுகைக்குள் வந்தது மின்பொறியோடுதான். அதில் ஒரு முக்கியமான திருப்பம் ஒரு மூன்று சக்கர மோட்டார் வண்டியில் நிகழ்ந்தது. 1897இல் ஃபிரெடரிக் சிம்ஸ் என்ற வணிகர், டி டியோன்-பூட்டன் நிறுவனத்தின் மூன்று சக்கர வண்டி ஒன்றைத் தமது மேக்னெட்டோவைப் பொருத்தித் தருமாறு ஸ்டுட்கார்ட்டில் இருந்த ராபர்ட் போஷின் பட்டறைக்குக் கொண்டுவந்தார். அன்றைய நிலைத்த எஞ்சின்களுக்காக அமைந்த அந்தக் கருவி, பல மடங்கு விரைவாகச் சுழன்ற சிறு எஞ்சினுக்கு ஈடுகொடுக்கவில்லை. ஆர்னோல்ட் ட்சேரிங்கர் என்ற பணியாளர் அதன் அமைப்பை மாற்றி இயங்கவைத்தார். சில ஆண்டுகளில் அதே நிறுவனத்தின் கோட்லோப் ஹோனோல்ட் உயர் மின்னழுத்த மேக்னெட்டோவையும் அதற்கேற்ற ஸ்பார்க் பிளக்கையும் உருவாக்கினார்.

ஸ்டுட்கார்ட்டுக்கும் சிவாஜிநகருக்கும் இடையிலான தொலைவு தோன்றுமளவு பெரிதன்று. அதே போஷின் கூட்டுறவோடு 1951இல் தொடங்கப்பட்ட மைகோ நிறுவனம், பெங்களூர் ஆடுகோடியில்தான் ஆலை அமைத்தது. சிவாஜிநகரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் செய்யப்பட்ட ‘மைகோ பிளக்’, தென்னிந்தியாவில் ஸ்பார்க் பிளக்குக்கே மறுபெயர்போல வழங்கியது. சென்னை பாடியில் 1961இல் தொடங்கிய லூகாஸ்-டி.வி.எஸ். மின்கருவிகளைச் செய்தது. பொறியை உண்டாக்கும் பொருள்கள் இவ்வாறு அருகிலேயே கிடைத்தன. அதை எப்போது விழச்செய்வது என்ற அறிவு ஆலையிலிருந்து பெட்டியில் வரவில்லை.

அந்த அறிவு முதலில் ஓட்டுநரின் கையில் இருந்தது என்பதை இன்று பலர் மறந்துவிட்டனர். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் வந்த பிரித்தானிய மோட்டார் சைக்கிள்களின் கைப்பிடியில், பிரேக், கிளட்ச் ஆகியவற்றோடு ஒரு சிறு நெம்புகோலும் இருந்தது. உதைத்துக் கிளப்பும்போது அதைப் பின்னுக்குத் தள்ளிப் பொறியைத் தாமதிக்க வேண்டும். ஓட்டம் பிடித்தபின் முன்னுக்குக் கொணர வேண்டும். மேட்டில் எஞ்சின் திணறினால் மீண்டும் சிறிது பின்னுக்கு. மறந்து உதைத்தவரின் கணுக்காலை உதைகோல் திருப்பி அடித்தது. பின்னர் சுழற்சி வேகத்தால் விரியும் சிறு எடைகளைக் கொண்ட தானியங்கி அமைப்பு, அந்த வேலையை மூடிக்குள் எடுத்துக்கொண்டது. நெம்புகோல் மறைந்தது, ஓட்டுநரின் அறிவும் உடன் மறைந்தது, அது பட்டறைக்கு இடம்பெயர்ந்தது. தொழில்நுட்ப வரலாற்றில் இத்தகைய இடப்பெயர்ச்சிகள் கண்டுபிடிப்புகளைவிடக் குறைவாகவே பேசப்படுகின்றன.

அந்தப் பட்டறை சிவாஜிநகரில் அமைந்தது தற்செயல் அன்று. பழைய பிளாக்பள்ளியான இப்பகுதி, 1809இல் உருவான ராணுவக் குடியிருப்பின் கடைவீதிப் பக்கம். சென்னை மாகாணப் படையைத் தொடர்ந்து வந்த தமிழர்களும், உருது பேசும் முஸ்லிம்களும் இங்கு நெருங்கி வாழ்ந்தனர். நாராயண பிள்ளை தெரு, மீனாட்சி கோயில் தெரு, தர்மராஜா கோயில் தெரு என்னும் பெயர்கள் இன்றும் அதைச் சொல்கின்றன. 1947 வரை மைசூர் அரசின் ஆட்சிக்கு வெளியே, ‘சிவில் மற்றும் ராணுவ நிலைய’மாகவே இப்பகுதி இருந்தது. 1927இல் எழுந்த ரசல் சந்தை அதன் வயிற்றுக்கு. அதைச் சூழ்ந்த சந்துகள் அதன் சக்கரங்களுக்கு. ராணுவம் இருக்குமிடத்தில் ஊர்தி இருக்கும். ஊர்தி இருக்குமிடத்தில் கழித்த உறுப்புகள் இருக்கும். பட்டறையின் தலைவரைச் சிலர் ‘உஸ்தாத்’ என்றனர். சிலர் ‘மேஸ்திரி’ என்றனர். முன்னது பாரசீகம், பின்னது போர்ச்சுகீசியம். அவர் பழுதைச் சொல்லும் மொழி தமிழாகவோ தக்கினி உருதாகவோ இருக்கலாம். கருவிப் பெயர்கள் ஆங்கிலம். பேரம் பெரும்பாலும் கன்னடம் கலந்தது.

1950களிலும் 1960களிலும் அங்கே வந்துசேர்ந்த இரண்டு எஞ்சின்கள், இந்த அறிவின் இரண்டு பள்ளிகளாயின.

முதலாவது புல்லட். 1950களின் முற்பாதியில் இந்திய ராணுவம் எல்லைப் பணிக்காக அதை வாங்கத் தொடங்கியது; 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் பிரித்தானிய நிறுவனமும் இணைந்து என்ஃபீல்ட் இந்தியாவை நிறுவின; திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. 70 மில்லிமீட்டர் விட்டமும் 90 மில்லிமீட்டர் ஓட்டமும் கொண்ட நான்கு வீச்சு எஞ்சின். பழைய கையேடுகளில் அதன் டைமிங், எடைகள் ஒடுங்கிய நிலையில் மேல் எல்லைக்கு முன் 0.8 மில்லிமீட்டர் என்று காணப்படும். அங்குல அளவில் முப்பத்திரண்டில் ஒன்று. அது அச்சுத்தண்டின் சுழற்சியில் ஏறத்தாழ 10 பாகை. இரண்டாவது, 1960களின் தொடக்கத்தில் மைசூரில் ஐடியல் ஜாவா நிறுவனம் செய்யத் தொடங்கிய செக் நாட்டு ஜாவா, பின்னாளில் யெஸ்டி. அது இருவீச்சு எஞ்சின், 250 சி.சி. வண்டியின் டைமிங் 3 மில்லிமீட்டரையொட்டியது, பாகைக் கணக்கில் 20ஐத் தாண்டும்.

3 எங்கே, 0.8 எங்கே என்று குழம்பத் தேவையில்லை. ஜாவாவில் தானாக முந்தச்செய்யும் எடைகள் இல்லை. ஓடும்போது வேண்டிய முந்துதல் முழுவதும் தொடக்கத்திலேயே நிலையாக வைக்கப்படுகிறது. புல்லட்டில் குறிக்கப்படுவது புறப்படும் புள்ளி மட்டுமே. எஞ்சியதை எடைகள் பார்த்துக்கொள்ளும். மேலும் ஜாவாவின் முனைகள் அச்சுத்தண்டிலேயே திறந்து மூடுகின்றன. புல்லட்டில் அரைவேகத்தில் சுழலும் டிஸ்ட்ரிபியூட்டரில். அங்கே கை ஒரு பாகை தவறினால், எஞ்சினில் இரண்டு பாகை தவறும்.

வேலையின் ஒழுங்கு மாறாதது. முதலில் முனைகளின் இடைவெளி, பிறகே டைமிங். புல்லட்டுக்கு 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் வரை. இடைவெளியை மாற்றினால் முனைகள் திறக்கும் கணமும் மாறிவிடும்; ஆகவே இந்த வரிசையைத் தலைகீழாக்குபவர் இரண்டு வேலையையும் மீண்டும் செய்ய நேரிடும். நார்க் குதிகால் தேயத்தேய இடைவெளி குறுகும். முனைகள் தாமதமாகத் திறக்கும். எவரும் தொடாமலேயே டைமிங் பின்தங்கும். ‘வண்டி இழுக்கவில்லை’ என்று வந்த பல வண்டிகளின் நோய் இந்தத் தேய்மானம்தான்.

அடுத்து, முனைகள் திறக்கும் கணத்தை அறிய வேண்டும். கண் அதற்குப் போதாது. பட்டறையின் வழி, முனைகளுக்கிடையே ஒரு சிகரெட் தாளைச் செருகி மெல்ல இழுத்தபடி எஞ்சினைச் சுற்றுவது. தாள் பிடியிலிருந்து விடுபடும் கணமே பொறியின் கணம். சிறு விளக்கொன்றை முனைக்கும் உடலுக்கும் இடையே இணைத்தும் பார்க்கலாம். முனை திறந்தால் விளக்கு எரியும். புல்லட்டில் இன்னோர் எளிய சாட்சியும் உண்டு: சாவியைத் திறந்தபின் முகப்பிலுள்ள அம்மீட்டரின் முள், முனைகள் மூடியிருக்கையில் இடப்பக்கம் சாயும், திறந்தவுடன் நடுவுக்குத் திரும்பும். அந்த முள்ளைப் பார்த்தே கிளப்பும் முறையைத் தந்தையர் மக்களுக்குக் கற்பித்தனர்.

இங்கு நின்று நோக்கத்தக்க ஒன்று உண்டு. சிகரெட் தாள் முறையைக் காணும் வெளியார், அதை ‘ஜுகாட்’ என்று மெச்சுவதுண்டு. ஏழை நாட்டின் கைவினை அறிவு, கருவியின்மையை வென்ற கற்பனை என்றெல்லாம். அண்மைக் காலக் கல்விப்புலக் கட்டுரைகளிலும் இந்த மெச்சுதலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அதே தாள் முறையை, இருபதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் வெளியான பிரித்தானிய மோட்டார் சைக்கிள் கையேடுகளே பரிந்துரைத்தன. ஆலை சொன்னதைத்தான் சந்து செய்தது. ஒன்றை அறிவியல் என்றும் மற்றதை உள்ளூர்ச் சாதுரியம் என்றும் பிரிப்பது, மெச்சுதல் போலத் தோன்றும் ஒரு கீழிறக்கம். தாள் மெல்லியது, தடிமன் சீரானது, எங்கும் கிடைப்பது. ஆகவே நல்ல அளவுகோல். அதில் புதிர் ஏதுமில்லை.

சந்து ஆலையிலிருந்து விலகியது வேறோரிடத்தில். கையேட்டின் எண்ணை அது இறுதி என்று கொள்ளவில்லை. கொள்ளாததற்குக் காரணம் அலட்சியம் அன்று. அந்த எண் எஞ்சினுக்கு மட்டும் உரியதன்று என்பதே. பெட்ரோலின் தரம், காற்றின் அடர்த்தி, உறுப்புகளின் தேய்மானம் ஆகிய மூன்றுக்கும் எஞ்சினுக்கும் இடையிலான ஓர் உடன்படிக்கை அது. இங்கிலாந்தில் எழுதப்பட்ட உடன்படிக்கை திருவொற்றியூர்க் கடற்கரை வழியாகப் பெங்களூருக்கு ஏறி வந்தபோது, மூன்றும் மாறியிருந்தன.

காற்றை முதலில் கொள்க. பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் உள்ளது; காற்றழுத்தம் சென்னையைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு. சிலிண்டருக்குள் நுழையும் கலவையும் அதற்கேற்பக் குறையும், அழுத்தம் தணியும், சுடர் சற்று மெதுவாகப் பரவும், ‘நாக்கிங்’ எனப்படும் தட்டொலியின் அச்சமும் குறையும். ஆகவே அதே புல்லட், சென்னையில் தாங்கியதைவிடச் சிறிது கூடுதல் முந்துதலைப் பெங்களூரில் தாங்கும், விரும்பவும் செய்யும். அந்த வண்டியையே கோடையில் மலையிறக்கிச் சென்னைக்குக் கொண்டுசென்றால், மேட்டில் ஏறுகையில் தட்டொலி கேட்கலாம். வண்டி கெட்டுவிட்டதென்று அதன் சொந்தக்காரர் கருதுவார். கெட்டது ஏதுமில்லை, ஊர்தான் மாறிற்று.

பெட்ரோல் இதைவிடக் கடினமானது, ஏனெனில் அது நாளுக்கு நாள் மாறும். மானிய விலை மண்ணெண்ணெயைப் பெட்ரோலில் கலப்பது நாடறிந்த குற்றம். பொது விநியோக மண்ணெண்ணெய்க்கு நீலச் சாயம் ஏற்றப்பட்டதன் ஒரு காரணம் அது. மண்ணெண்ணெய் கலந்த பெட்ரோல் எளிதில் தட்டொலி எழுப்பும். தட்டொலி நீடித்தால் இருவீச்சு எஞ்சினின் பிஸ்டன் தலையில் துளையே விழக்கூடும். அத்தகைய எரிபொருளோடு வாழ வேண்டிய வண்டிக்கு நல்ல மேஸ்திரி டைமிங்கைச் சிறிது பின்வாங்குவார். இழுவை குறையும், பிஸ்டன் பிழைக்கும். கையேட்டில் அந்த வரி கிடையாது. எரிபொருளைக் கெடுத்தவர் வேறு; அதன் விலையை ஒரு திருகாணியின் கால்சுற்றில் கட்டியவர் பட்டறைக்காரர். 2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுவதும் ஈயம் நீங்கிய பெட்ரோல் வந்தபோதும் பழைய எஞ்சின்களோடு புதிய சமரசம் ஒன்றைப் பட்டறை செய்துகொள்ள வேண்டியிருந்தது.

ஆனால் பட்டறையின் ஒவ்வொரு விலகலும் இத்தகைய நியாயம் உடையதன்று. புல்லட்டின் ‘டுக்... டுக்...’ ஓசைக்கு ஒரு மயக்கம் உண்டு. நின்ற நிலையில் ஒவ்வொரு துடிப்பையும் எண்ணக்கூடியவாறு எஞ்சின் ஓட வேண்டும் என்று கேட்கும் சொந்தக்காரர்கள் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். டைமிங்கை வேண்டுமென்றே பின்னுக்குத் தள்ளி, காற்றுத் திருகாணியையும் தணித்தால் அந்த ஓசை கிடைக்கும். உடன் கிடைப்பவை: கலவை தாமதமாக எரிந்து புகைபோக்கி நீலம் பாரித்தல், எஞ்சின் காய்தல், எரிபொருள் வீணாதல். இதைச் செய்துகொடுத்த பட்டறைகளும் சிவாஜிநகரில் இருந்தன, பிற ஊர்களிலும் இருந்தன. காதால் டைமிங் வைக்கும் மேஸ்திரியைப் புகழ்வோர், அந்தக் காது எஞ்சினைக் கேட்டதா, வாடிக்கையாளரைக் கேட்டதா என்பதையும் உசாவ வேண்டும். திறமை இருந்தது; சந்தையும் இருந்தது; சில வேளை சந்தை வென்றது.

1980களில் ஜப்பானியக் கூட்டுறவில் வந்த 100 சி.சி. வண்டிகளோடு இந்த அறிவின் நிலம் சுருங்கத் தொடங்கியது. முனைகளின் இடத்தில் காந்தமும் சுருளும் மின்னணுப் பெட்டியும் வந்தன. தொடும் முனை இல்லையேல் தேயும் குதிகால் இல்லை. திருத்த வேண்டிய இடைவெளியும் இல்லை. 1991, 1996, 2000 ஆகிய ஆண்டுகளில் அடுத்தடுத்து இறுகிய புகை வரம்புகள், பழைய இருவீச்சு எஞ்சின்களின் காலத்தை முடித்தன. மைசூர் ஆலையும் 1996இல் மூடப்பட்டது. புல்லட் முனைகளோடு இன்னும் சில காலம் ஓடியது. இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அதற்கும் மின்னணுப் பற்றவைப்பு வந்தது. ஒரு முறை ஓட்டுநரின் கட்டைவிரலிலிருந்து பட்டறைக்கு இடம்பெயர்ந்த அறிவு, இப்போது பட்டறையிலிருந்தும் புறப்பட்டு மூடி முத்திரையிட்ட பெட்டிக்குள் போய்விட்டது. பெட்டி பெரும்பாலும் மேஸ்திரியைவிடத் துல்லியமானது; இதை மறுப்பது பழம்பெருமை பேசுவதாகும். பெட்டி கெட்டால் மட்டும் செய்வதற்கு ஒன்றே உண்டு: வேறு பெட்டி வாங்குதல்.

எஞ்சியிருக்கும் முனை வண்டிகள் இப்போது விரும்பிப் பேணப்படுபவை. ஜூலை மாதந்தோறும் ஜாவா, யெஸ்டி வண்டிகளைத் திரட்டி ஓட்டும் கூட்டம் பெங்களூரில் உண்டு. அதற்கு முந்திய வாரங்களில் பழைய முனைகள் தேடப்படும். அவ்வண்டிகளுக்கு வாய்த்திருக்கும் புதிய எரிபொருள், ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் தட்டொலியை எதிர்க்கும். ஆனால் கலவையின் விகிதத்தை மாற்றும், பழைய ரப்பர்க் குழாய்களையும் அரிக்கும். 1955இன் எஞ்சினுக்கு இந்த எரிபொருளோடு எத்தனை மில்லிமீட்டர் என்று எந்தக் கையேடும் கூறாது. டிஸ்ட்ரிபியூட்டரின் திருகாணியைத் தளர்த்தி, தாளைச் செருகி, சிறிது திருப்பி, ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து மறுபடி திருப்ப வேண்டும். அந்த வேலைக்கு முன் ஒருவர் குஜிரிக்குப் போய், டங்ஸ்டன் முனை ஒன்றைப் பிளாட்டினம் என்று கேட்டு வாங்கி வருவார்.